கடை வாசலில் ஒரு தூக்கு மோர்

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பிராந்திக் கடை ஒன்று இருந்தது. கடைக்கு எதிரே ஒரு பெரிய சிமெண்டுக் குழாய் கிடந்தது. கால்வாய் போட வந்து, போடாமலே போய்விட்ட காண்ட்ராக்டர் விட்டுவிட்டுப் போனது. சாயங்காலமானால் அந்தக் குழாயின் மேல் தசரதன் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு, அதன்மேல் கவிழ்த்த டம்ளர். நெற்றியில் சின்னதாக ஒரு திருமண். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பெருமாளைச் சேவித்துவிட்டுக் களைப்பாற உட்கார்ந்திருக்கிறார் என்றா? தூக்கில் இருப்பது சரக்கு, உள்ளே போய்க் குடிக்க வக்கில்லாமல் வெளியே உட்கார்ந்து ஊற்றிக்கொள்கிறார் என்றுதான் நினைத்தார்கள். தொண்ணூற்று நாலாம் வருஷம் இந்த நினைப்பு அவர் பெண்ணின் கல்யாணத்தில் வந்து விடிந்தது.

தூக்கில் இருந்தது மோர். இஞ்சி தட்டிப்போட்டு, உப்புத் தூக்கலாக, கறிவேப்பிலை கிள்ளிப் போட்ட நீர்மோர். அது எதற்கு என்று சொல்ல வேண்டுமானால் மெட்டில்டா அக்காவிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மெட்டில்டா அக்கா ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்தவர். புருஷன் ரயில்வேயில் நல்ல வேலை, சம்பளமெல்லாம் சாராயத்துக்கு. சண்டை போட்டுப் பார்த்தார், அழுது பார்த்தார், பாதிரியாரைக் கூட்டிவந்து புத்தி சொல்ல வைத்தார். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் ஒரு தூக்கில் மோரை எடுத்துக்கொண்டு போய்க் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். புருஷன் வெளியே வந்தால் ஒரு டம்ளர் மோர் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிவருவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த மனிதர் திருந்தினார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவர் திருந்தவில்லை, ஈரல் கெட்டுச் செத்துப்போனார். ஆனால் கடைசிக் காலத்தில், "நீ வாசல்ல இருக்கேன்னு தெரிஞ்சா, உள்ள ரெண்டு கிளாஸ் கொறைச்சலாத்தான் குடிப்பேன் மெட்டி" என்று சொன்னாராம். அக்கா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

தன் வீட்டுக் கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு, ஒரு பசுமாடு வாங்கிக் கட்டி, குடியை விட நினைக்கிற ஆண்களைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருகிற நாலைந்து குடும்பங்கள் அரிசி, பருப்பு கொடுத்தார்கள். காலையில் பாட்டு, ஜெபம். பிறகு மாட்டுக்குத் தீனி, சாணி வாரல், கிணற்றில் நீர் இறைப்பு. மத்தியானம் கஞ்சி. வாசல் பலகையில் 'ஆறுதல் இல்லம்' என்று எழுதியிருந்தது. ஊரில் அதற்கு மோர் வீடு என்று பெயர்.

மோர் வீட்டு கேட்டுக்குப் பூட்டு கிடையாது. பூட்டி வைப்பது போலீஸ் வேலை என்பார் அக்கா. பூட்டாத வீட்டிலிருந்து ஆள் நழுவத்தானே செய்வான்? நழுவினால், போனவன் எந்தக் கடையில் இருக்கிறான் என்று பார்த்து, ஏற்கெனவே குடியை விட்ட ஒருவர் தூக்கை எடுத்துக்கொண்டு போய் அந்த வாசலில் உட்கார வேண்டும். உள்ளே போகக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. புத்தி சொல்லவே கூடாது. அவனாக வந்ததும் மோர் கொடுத்துக் கூடவே நடந்து வர வேண்டும். இன்னொரு கட்டளையும் உண்டு. யாருக்காக உட்கார்ந்தோம் என்று வெளியில் மூச்சு விடக் கூடாது, கட்டிய பெண்டாட்டியிடம்கூட. கடைசிக் கட்டளைதான் தசரதனுக்கு வினையாக முடிந்தது.

தசரதன் முடிச்சூர்க்காரர். அப்பன் பாட்டன் நெல் விளைத்த நிலத்தில் பிளாட் கல் நட்டுவிட்டார்கள். இவர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு போல்ட் கம்பெனியில் மெஷினில் நின்றார். மணமான மறு வருஷமே குடி தொற்றிக்கொண்டது. வேலை இரண்டு முறை போய் இரண்டு முறை கிடைத்தது. மனைவி கங்கையம்மாளை அடிக்காத வாரம் கிடையாது. அடிக்கக் காரணமா வேண்டும்? காலையில் காப்பி பாதி டம்ளர்தான் கொடுக்கிறாள் என்பதற்கே அடித்தார். "கஞ்சப் பிசினாறி, கட்டினவனுக்கு முழு டம்ளர் காப்பி குடுக்க வக்கில்ல உனக்கு?" என்று கத்துவது அந்தத் தெருவுக்கே பழக்கமான சத்தம். அவள் அடியை வாங்கிக்கொள்வாள். மறுநாளும் பாதி டம்ளர்தான் கொடுப்பாள்.

சாராயக் கடைகள் திறந்திருந்த எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு சாயங்காலம் முடிச்சூர்க் கடையிலிருந்து தசரதன் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் வெள்ளை வாயில் புடவை கட்டிய ஒரு அம்மாள் டம்ளரை நீட்டினார். மெட்டில்டா அக்காதான். கங்கையம்மாள் போய் மோர் வீட்டில் சொல்லியிருந்தாள். தசரதன் தூக்கைக் காலால் எட்டி உதைத்தார். அம்மாள் கவிழ்ந்த தூக்கை எடுத்துக்கொண்டு போனார். மறுநாளும் வந்தார். எத்தனை நாள் வந்தார் என்று தசரதனுக்கு நினைவில்லை. ஒரு நாள் வயிற்று எரிச்சல் தாங்காமல் மோரை வாங்கிக் குடித்தார். குடித்த கையோடு அங்கேயே உட்கார்ந்து அழுதார். இரண்டு மாதம் மோர் வீட்டில் சாணி வாரினார். இரண்டு தடவை நழுவினார், பிறகு குடும்பத்தோடு சேலையூருக்கே குடி வந்துவிட்டார். அதற்குப் பிறகு தொடவில்லை.

தொடவில்லை என்பதோடு கதை முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். இனி அவர் முறை. மதம் மாறச் சொல்லி யாரும் கேட்கவில்லை, இவரும் மாறவில்லை. உபவாச ஜெபத்தில் திருமண்ணோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லாரும் பாடும்போது தாளத்துக்குத் தலையாட்டுவார். ஆனால் உட்கார ஆள் வேண்டும் என்று அக்கா சொல்லும்போதெல்லாம் தசரதன்தான் தூக்கை எடுத்தார். ஷிப்டு முடித்து, எண்ணெய் நாற்றத்தோடு மின்சார ரயிலில் தாம்பரம் வந்து இறங்கி, அங்கிருந்து ஏதாவது ஒரு கடை வாசலுக்கு நடை. பல்லாவரம் வரை போயிருக்கிறார். மழையில் உட்கார்ந்திருக்கிறார். போலீஸ்காரர் லத்தியால் தட்டி எழுப்பிவிட்டிருக்கிறார். தெரு நாய்க்கெல்லாம் அவரைத் தெரியும்.

முதல் சில வருஷங்கள், ஒருவன் வெளியே வந்து மோரைக் குடித்தால் நெஞ்சு நிறையும். பிறகு அதுவும் போய்விட்டது. இவர் உட்கார்ந்து கூட்டிவந்தவர்களில் சிலர் பிழைத்தார்கள், சிலர் செத்தார்கள். பிழைத்தவர்களும் பழசு நினைவுக்கு வரும் என்று இவரைத் தெருவில் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். கூட உட்கார்ந்து பழகியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அக்காவுக்கும் முட்டி போய்விட்டது. ஆள் திரும்பி வந்தால் மோர் வீட்டில் எல்லாரும் "ஸ்தோத்திரம்" என்பார்கள். தசரதனுக்கு, அப்பாடா, இனி வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று மட்டும்தான் தோன்றும். அவருக்கு அலுத்துவிட்டது. அலுத்துவிட்டது என்று சொல்லவும் அலுப்பாக இருந்தது.

தொண்ணூற்று நாலு ஆவணியில் மகள் தனத்தைப் பெண் பார்க்க மண்ணிவாக்கத்திலிருந்து வந்தார்கள். பையன் பேர் ரவி, எலக்ட்ரீஷியன், வாயில்லாப் பூச்சி. அவன் அப்பா பொன்னுரங்கம் அவனுக்கும் சேர்த்துப் பேசினார். நிலபுலன் உள்ளவர், உரக்கடையும் வைத்திருந்தார். பச்சை சீட்டு போட்ட டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து இறங்கி, பஜ்ஜியை ஒரு கை பார்த்து, "எம் மருமவ கையால இன்னொண்ணு குடும்மா" என்று கேட்டு வாங்கித் தின்றார். தனத்துக்கும் ரவியைப் பிடித்திருந்தது. ஐப்பசியில் நிச்சயம், தையில் கல்யாணம் என்று பேச்சு. கங்கையம்மாள் பல வருஷம் கழித்து வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஐப்பசி பிறந்ததும் கங்கையம்மாளின் தம்பி துரை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். சம்பந்தம் பேசி முடித்தவன் அவன்.

"மச்சான், நீ ஒழுங்காத்தான கீற?"

"இன்னாடா இப்டிக் கேக்கற?"

"பையனோட அப்பா சொல்லி அனுப்பிச்சாரு. உன்ன பிராந்திக் கட வாசல்ல பாத்தாராம். ஒரு வாட்டி இல்ல, மூணு நாலு வாட்டி. பக்கத்துல தூக்கு, டம்ளரு எல்லாம் வச்சிகினு குந்தினு இருந்தியாம். குடிகாரன் வூட்ல பொண்ணு எடுக்க மாட்டோம்னு நிச்சயத்த நிறுத்திட்டாங்க."

"அது மோருடா" என்றார் தசரதன்.

"எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியுமா? யாருக்கோசரம் குந்தினு இருந்தேன்னு பேரச் சொல்லு. நான் போயி பேசிட்டு வர்றேன்."

தசரதன் அப்போது உட்கார்ந்துகொண்டிருந்தது மாரி என்பவனுக்காக. மூன்றாவது முறையாக மோர் வீட்டுக்கு வந்தவன். வீட்டுக்கு வெள்ளையடிப்பது அவன் தொழில். மண்ணிவாக்கத்திலேயே ஒரு வீடு ஒப்புக்கொண்டிருந்தான். பேர் வெளியே போனால் அந்த வேலை போய்விடும், வேலை போனால் அவன் மறுபடி எங்கே போவான் என்று சொல்லத் தேவையில்லை.

"பேரு சொல்லக் கூடாதுடா. குடிக்கிற வேற ஒருத்தருக்காவ காத்துகினு இருந்தாரு, அவ்ளோதான்னு சொல்லு."

"சரியாப் போச்சி. நான் குடிக்கல, குடிக்கறவனுக்குத் தொணைக்குப் போனேன்னுதான் ஒலகத்துல எல்லாக் குடிகாரனும் சொல்றான். போ மச்சான்."

துரை போனதும் கங்கையம்மாள் சமையற்கட்டிலிருந்து வந்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது தசரதனுக்கு.

"நீ குடிச்ச காலத்துலயும் எனக்கு மானம் போச்சி. குடிய வுட்ட காலத்துலயும் போவுதா? இன்னாய்யா நாயம் இது? தாலி ஏர்ற வரைக்கும் அந்தக் கட பக்கம் நீ தல வச்சிப் படுக்கக் கூடாது. தனத்து தல மேல கைய வச்சிச் சொல்லு."

தசரதன் மகள் தலைமேல் கையை வைத்துச் சொன்னார். அன்றே போய் அக்காவிடமும் சொல்லிவிட்டார். அக்கா முகம் சுளிக்கவில்லை. "பொண்ணு காரியம் பெரிசு பிரதர். நீங்க போய்ப் பாருங்க. நான் ஜெபம் பண்ணிக்கறேன்" என்றார். அது இன்னும் சங்கடமாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த சாயங்காலங்களில் தசரதன் ரயிலிலிருந்து இறங்கி நேரே வீட்டுக்கு வந்தார். வெந்நீரில் குளித்தார், சூடாகச் சாப்பிட்டார், ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டே தூங்கினார். இடுப்பு வலி குறைந்தது. உண்மையைச் சொன்னால் அது சுகமாக இருந்தது. சுகமாக இருக்கிறதே என்பதுதான் உறுத்தியது.

உறுத்தல் பிறகு ஆளாகவே வந்து வாசலில் நின்றது. மாரியின் பெண்டாட்டி செல்வமேரி. மாரி நழுவிவிட்டான், ஒரு வாரமாகப் பிராந்திக் கடையே கதி.

"அண்ணா, நீங்க குந்தினு இருந்தாத்தான் அது வெளிய வருது. மோர் வூட்ல வேற யாரும் இல்லண்ணா. ரெண்டு புள்ளைங்கள வச்சிகினு நான் எங்க போவேன்?"

தசரதன் எழுந்திருப்பதற்குள் கங்கையம்மாள் வாசலை மறித்து நின்றாள். "எங்க வூட்லயும் ஒரு பொண்ணு கீதும்மா" என்றாள். செல்வமேரி மாராப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள். அன்றைக்குத் தசரதன் சாப்பிடவில்லை. கங்கையம்மாளும் அவரைச் சாப்பிடச் சொல்லிக் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மழை தூறிக்கொண்டிருந்தது. ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போன கங்கையம்மாள் நனைந்துபோய்த் திரும்பி வந்தாள். கேனை ஓரமாக வைத்துவிட்டு, புடவைகூட மாற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அந்தம்மா குந்தினு கீது" என்றாள்.

"யாரு?"

"உங்க அக்காதான், வேற யாரு? கொட புடிச்சிகினு அந்தக் கொழா மேல. முட்டி ரெண்டும் வீங்கி, கால மடக்க முடியாம நீட்டிகினு கீது. நான் பாத்தத அது பாக்கல."

கங்கையம்மாள் எழுந்து உறியிலிருந்த தயிரை இறக்கி, மத்தை எடுத்து, யார் மேலோ உள்ள கோபத்தை எல்லாம் அதில் காட்டிக் கடைந்தாள். உப்புப் போட்டாள், இஞ்சி தட்டினாள். தூக்கில் ஊற்றி அவர் முன்னால் டங்கென்று வைத்தாள்.

"போயித் தொல."

"தனத்து தல மேல கைய வச்சிச் சொல்லிக் கீறேன்."

அறையிலிருந்து தனம், "எந் தலைக்கு ஒண்ணும் ஆவாது, போப்பா" என்றாள். குரல் அழுதது போலிருந்தது. அவளுக்கும் ரவியை மறக்க மனசில்லை.

தசரதன் போனபோது அக்கா குழாயின் மேல் முந்தானையைத் தலைக்குச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் கையை நீட்டினார். தசரதன் அவரைத் தூக்கி நிறுத்தி, ஒரு ரிக்‌ஷாவைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார். "மாரி உள்ளதான் இருக்கான் பிரதர்" என்று சொல்லிவிட்டு அக்கா போனார். தசரதன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். குழாய் ஈரமாக இருந்தது. பழைய இடுப்பு வலி தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

வெளிச்சம் மங்கும் முன்பே சந்துக் கோடியில் ஒரு டிவிஎஸ் ஃபிப்டி வந்து நின்றது. நேரே வராமல் மாவு மில்லுக்குப் பின்னால் வளைத்துக் கொண்டுபோய் நிறுத்தப்பட்டது. இறங்கிய ஆள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கடையை ஒட்டிய ஓலைத் தடுப்பின் பக்கவாட்டு வழியாக உள்ளே புகுந்தார். தசரதன் முதலில் கவனிக்கவில்லை. பிறகு வண்டியின் பச்சை சீட்டு கண்ணில் பட்டது. அந்த நடையும் தெரிந்த நடை. பஜ்ஜியைக் கேட்டு வாங்கித் தின்ற பொன்னுரங்கம்.

மூணு நாலு வாட்டி பார்த்தாராம்! இந்த முட்டுச் சந்தில் பிராந்திக் கடையையும் மாவு மில்லையும் தவிர என்ன இருக்கிறது? மண்ணிவாக்கத்துக்காரர் மாவரைக்கவா இவ்வளவு தூரம் வந்தார்? சொந்த ஊரில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று சேலையூருக்கு வந்து குடித்திருக்கிறார். ஓலை இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, வெளியே மோர்த் தூக்கோடு உட்கார்ந்திருந்தவரைக் குடிகாரன் என்று சொல்லியிருக்கிறார். தசரதனுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் உடம்பெல்லாம் எரிந்தது. உள்ளே போய்ச் சட்டையைப் பிடித்து, நாலு பேர் முன்னால் இழுத்து வந்து நாறடித்துவிட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. கையை முழங்காலில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கோபம் ஆறினதும் பயம் வந்தது. தனம் போகப்போகிற வீடு இந்த ஆள் வீடு. இவர் இரவில் வந்து கதவைத் தட்டினால் திறக்கப்போகிறவள் அவள். ஒரு கங்கையம்மாள் போதாதா என்று நினைத்தார். பெருமாளே, போதாதா!

மாரி முதலில் வெளியே வந்தான். தசரதனைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு வந்து மோரை வாங்கி, நிறுத்தாமல் குடித்தான்.

"போலாம்ணா."

"இரு. உள்ள இன்னொருத்தரு கீறாரு."

மாரிக்குப் போதையிலும் கட்டளை மறக்கவில்லை. யார் என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் ஓலைத் தடுப்பை விலக்கிக்கொண்டு பொன்னுரங்கம் வந்தார். எதிரே தசரதனைக் கண்டதும் துண்டு தோளில் நழுவி விழ, நின்ற இடத்திலேயே நின்றார்.

"நான்... கடக்காரன் ஒரு வெசயமா வரச் சொன்னான். அதான் வந்தேன்" என்றார்.

தசரதன் இந்தப் பொய்யை எல்லாம் ஒரு காலத்தில் தினமும் சொன்னவர். டம்ளரில் மோரை ஊற்றி நீட்டினார். பொன்னுரங்கம் வாங்கி முகர்ந்து பார்த்தார். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"இத்தினி நாளும் இதுதானா?"

"இதான்."

குடித்து முடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது பொன்னுரங்கத்தின் குரல் தழைந்துவிட்டது. "வூட்ல சொல்லிடாதீங்க சம்பந்தி. மறுபடி தொட்டுட்டேன்னு பையனுக்குத் தெரிஞ்சாலே அவன் எம் மூஞ்சியில முழிக்க மாட்டான்."

"நாங்க யார் பேரையும் சொல்றதில்ல" என்றார் தசரதன். கட்டளைப்படி அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவரால் முடியவில்லை. "ஆனா எம் பொண்ணு உங்க வூட்டுக்கு வரணும்னா, நீங்களா வந்து எங்க வூட்ல சொல்லணும்."

"நாளைக்கு வர்றேன்."

அந்த வாசலில் தசரதன் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். அவர் மாரியின் தோளைப் பிடித்துக்கொண்டு மோர் வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் பொன்னுரங்கம் வரவில்லை. துரைதான் வாயெல்லாம் பல்லாக வந்தான். "மச்சான், எல்லாம் தப்பாப் பாத்துட்டாங்களாம். வேற யாரையோ பாத்துட்டு நீன்னு நெனச்சிட்டாங்களாம். நாள் குறிக்கச் சொல்லிட்டாங்க!" கங்கையம்மாள் அங்கேயே சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டாள்.

"பையனோட அப்பா வந்து சொல்லட்டும். அப்பால நாள் பாக்கலாம்" என்றார் தசரதன்.

வீடு இரண்டாகிப் போயிற்று. "இன்னாய்யா பேஜார் பண்ற? தானா வர்ற மகாலட்சுமிய எட்டி ஒதைக்கிறியா?" என்று கங்கையம்மாள் கேட்டாள். துரை, இனி இந்த வாசற்படி மிதிப்பதில்லை என்று போனான். தனம் அவர் கண்ணைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். காரணத்தை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், நாளைக்கு எந்தக் கடை வாசலில் எந்த முகத்தோடு உட்காருவது? சொல்லாவிட்டால் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது? தசரதன் எந்தப் பக்கமும் போக முடியாமல், தினமும் சாயங்காலம் பழையபடி குழாயின் மேல் போய் உட்கார்ந்தார். டிவிஎஸ் ஃபிப்டி அந்தப் பக்கம் வரவில்லை. வேறு கடை பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார். சம்பந்தம் அவ்வளவுதான் என்றும் நினைத்தார்.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பொன்னுரங்கம் வந்தார். வண்டி இல்லை, பஸ்ஸில் வந்திருந்தார். முகம் மழித்து, வெள்ளை வேட்டி சட்டையில், பெண் பார்க்க வந்த ஆளில் பாதியாக இருந்தார். கங்கையம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. பாயை விரித்தாள், தனத்தை உள்ளே போய்ப் புடவை மாற்றச் சொன்னாள். பொன்னுரங்கம் மழையைப் பற்றிப் பேசினார். ஏரி நிரம்பியதைப் பற்றிப் பேசினார். சொல்ல வந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. தசரதனும் எடுத்துக் கொடுக்கவில்லை.

கங்கையம்மாள் நுரை ததும்ப முழு டம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். பொன்னுரங்கம் ஒரு கையால் வாங்கினார். உடனே இன்னொரு கையையும் சேர்த்துப் பிடித்தார். அப்படியும் நிற்கவில்லை. டம்ளர் நடுங்கி, வாய்க்குப் போவதற்குள் காப்பி வெள்ளை வேட்டியெல்லாம் சிந்தியது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டார்.

கங்கையம்மாள் அசையாமல் நின்று அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அதில் மோர் இருந்தது. பாதி டம்ளர்தான் இருந்தது.

"இப்ப குடிங்கண்ணா. சிந்தாது" என்றாள்.

பொன்னுரங்கம் குடித்தார். சிந்தவில்லை. குடித்துவிட்டுக் குனிந்தபடியே, "சம்பந்தி சொல்லிட்டாரா?" என்று கேட்டார்.

"இவரா? இவரு கழுத்த அறுத்தாலும் வாயத் தொறக்க மாட்டாரு. வெடிகாலயில ஆட்ற கைய எத்தினி வருசம் பாத்தவ நானு. எனக்கு ஒருத்தர் வந்து சொல்லணுமா?"

"முந்தா நாள்லேர்ந்து தொடலம்மா. அதான் கை இப்டி..."

"தெரியும். பையன் கை?"

"அவன் தொட மாட்டான். என்னப் பாத்தே வெறுத்துட்டான்."

கங்கையம்மாள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். கதவோரம் தனம் நின்றிருந்தாள். "இன்னாம்மா சொல்ற?" என்று அவளையே கேட்டாள். தனம் யோசித்துவிட்டு, "மாமா மோர் வூட்ல போயி இருந்துட்டு வரட்டும். அப்பால நாள் குறிங்க" என்றாள்.

கல்யாணம் தையில் நடக்கவில்லை, வைகாசியில்தான் நடந்தது. நடுவில் பொன்னுரங்கம் ஒரு முறை நழுவி, தசரதனைக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கடை வாசலில் சாயங்காலமெல்லாம் உட்கார வைத்தார். அதெல்லாம் பிற்பாடு.

அன்றைக்குக் காலையில் பொன்னுரங்கம் முகம் கழுவக் கொல்லைப் பக்கம் போனார். தசரதன் கீழே இருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி டம்ளர் மோரில் ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தவில்லை.

"எனக்கும் அதுக்குத்தானா?" என்றார்.

"எது?"

"காப்பி. பாதி டம்ளரு."

கங்கையம்மாள் சிந்திய காப்பியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பின்ன எதுக்குன்னு நெனச்ச? எங்கண்ணன் தம்பிங்க முன்னால நீ மேலெல்லாம் கொட்டிகினு நிக்கறத நான் பாக்கணுமா?"

அவள் துணியைப் பிழிந்துவிட்டு எழுந்து, கழுவிக் கவிழ்த்திருந்த தூக்கை எடுத்து, மோரை ஊற்றி மூடி, தசரதன் கையில் கொடுத்தாள்.

"வெயில் ஏர்றதுக்குள்ள அவர இட்டுகினு போ. முட்டி வலிக்குற அந்தம்மாவுக்கும் கொஞ்சம் மோர் ஊத்திக் கீறேன்" என்றாள்.